கவுண்டி தேர்தல் அதிகாரி: ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதா, நியமிப்பதா?

இந்தியாவில் கலெக்டர்தான் மாவட்டத் தேர்தல் அதிகாரி. வாக்கு எண்ணும் மேஜைக்குப் பொறுப்பானவரே ஒரு கட்சியின் வேட்பாளராக நின்று ஜெயித்து வந்தவர் என்றால் நமக்குக் கேட்கவே விநோதமாக இருக்கும். அமெரிக்கக் கிராமப்புறங்களில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. கவுண்டி என்பது அங்கே நம் மாவட்டம் மாதிரி. அதன் தேர்தல் அதிகாரிக்குக் கவுண்டி கிளார்க், ஆடிட்டர், ரெக்கார்டர் என்று மாநிலத்துக்கு ஒரு பெயர். பல இடங்களில் அவருக்குக் கட்சியும் உண்டு. நாலு வருடத்துக்கு ஒருமுறை அவரும் ஓட்டுக் கேட்டு வருவார். அந்த ஓட்டை எண்ணுவதும் அவருடைய அலுவலகமேதான்.

அமெரிக்காவில் தேர்தலை நடத்தும் மத்திய அமைப்பு என்று ஒன்று கிடையாது. சட்டம் மாநிலத்துடையது, வேலை கவுண்டி அல்லது ஊர் அலுவலகத்துடையது. இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. 2020 அதிபர் தேர்தலுக்குப் பிறகு இந்தச் சின்ன அலுவலகங்கள் மீது விழுந்த சந்தேகமும் மிரட்டலும் கொஞ்சமில்லை. அதன் பிறகுதான் “இந்த வேலைக்கு எதற்குத் தேர்தல், தகுதியான ஒருவரை நியமித்தால் என்ன?” என்ற கேள்வி பல கவுண்டிகளில் பலமாகக் கேட்கிறது. எதிர்ப்பக்கமாக இழுப்பவர்களும் உண்டு. நியமித்தவரைத் தூக்கிவிட்டு, தேர்ந்தெடுக்கப்பட்டவரிடமே வேலையைத் திருப்பிக் கொடு என்கிறார்கள் அவர்கள்.

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியமனம் நல்ல யோசனைதான். ஆனால் நியமிக்கும் கை யாருடையது, நீக்கும் கை யாருடையது என்பதை வைத்துத்தான் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். மக்கள் ஓட்டில் வந்து கவுண்டியை ஆளும் கமிஷனர்களே நியமித்து, அவர்களே நீக்கலாம் என்ற ஏற்பாடாக இருந்தால், குறைகளோடு பழைய தேர்தல் முறையே மேல் என்பேன்.

வேலை என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். சின்னக் கவுண்டியில் கிளார்க்குக்குத் தேர்தல் ஒரு பகுதி வேலைதான். நிலப் பத்திரம் பதிவது, திருமண உரிமம் கொடுப்பது, கவுண்டி கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என்று வருடம் முழுக்க வேறு வேலைகள் இருக்கும். தேர்தல் வந்தால் அது தனி உலகம். எந்தத் தெரு எந்தப் பள்ளி வட்டாரத்தில், எந்தத் தொகுதியில் வருகிறது என்று பார்த்து வகை வகையாக வாக்குச்சீட்டு தயாரிக்க வேண்டும். ராணுவத்தினருக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் மத்தியத் தேர்தலுக்கு 45 நாள் முன்பே சீட்டை அனுப்பியாக வேண்டும். எண்ணும் இயந்திரத்தைப் பொது மக்கள் பார்வையில் சோதித்துக் காட்ட வேண்டும். கையெழுத்து ஒத்துப்போகாத தபால் உறைகள், முகவரி மாறியவர்கள், மறு எண்ணிக்கை கேட்பவர்கள் என்று எல்லாம் அந்த இரண்டு மூன்று பேர் மேஜைக்குத்தான் வரும்.

இது கற்றுக்கொள்ள வேண்டிய தொழில் என்பதற்கு அரிசோனாவின் பினால் கவுண்டி சாட்சி. 2022 ஆகஸ்டு பிரைமரியில் (கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் கட்டத் தேர்தல்) சுமார் 63,000 பேருக்குப் போன தபால் வாக்குச்சீட்டில் உள்ளூர்த் தேர்தல் விவரம் தப்பாகவோ விடுபட்டோ இருந்தது. தேர்தல் நாளன்று சில சாவடிகளில் வாக்குச்சீட்டே தீர்ந்துபோனது. தேர்தல் இயக்குநர் நியமிக்கப்பட்டவர், வேலைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பிரைமரி முடிந்த கையோடு அவரை அனுப்பிவிட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட ரெக்கார்டர் தம் பதவியை ராஜினாமா செய்துவிட்டு அந்த நாற்காலிக்கு வந்தார். நியமன முறையின் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கின்றன. தப்பு செய்தவரை இரண்டு நாளில் மாற்ற முடிந்தது. ஆனால் அந்தத் தப்பு நியமிக்கப்பட்டவரின் கையில்தான் நடந்தது. நியமனம் என்றாலே தகுதி தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

இதற்கு ஆதரவாக ஒரே ஒரு உதாரணம் சொல்லச் சொன்னால் நியூ மெக்சிகோவின் ஓட்டேரோ கவுண்டியைச் சொல்வேன். 2022 ஜூன் பிரைமரி முடிந்ததும் அங்கிருந்த மூன்று கமிஷனர்களும், எல்லாருமே குடியரசுக் கட்சிக்காரர்கள், முடிவுக்குச் சான்றளிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். குறிப்பிட்ட குறை எதையும் காட்டவில்லை. எண்ணும் இயந்திரத்தின் மீது நம்பிக்கையில்லை, அவ்வளவுதான். கவுண்டி கிளார்க் ராபின் ஹோம்ஸும் அதே கட்சிதான். அவர் கமிஷனர்கள் பக்கம் சாயவில்லை, நடந்த தேர்தல் சரியாகத்தான் நடந்தது என்று நின்றார். மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு 2-க்கு 1 என்று சான்றளித்தார்கள். ஹோம்ஸ் அவர்களை எதிர்த்துப் பேச முடிந்ததற்கு ஒரு காரணம் சாதாரணமானது. அவரை வேலையை விட்டு அனுப்பும் அதிகாரம் அந்த மூன்று பேரிடம் இல்லை. அவருக்கு வேலை கொடுத்தது கவுண்டி மக்கள்.

கட்சிக்காரர் எண்ணினால் தம் கட்சிக்கு ஓட்டு கூட்டிவிடுவார் என்ற பயமும் எல்லாருக்கும் வரும். 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, ஜனநாயகக் கட்சி கிளார்க் ஜெயித்த கவுண்டிகளையும் குடியரசுக் கட்சி கிளார்க் ஜெயித்த கவுண்டிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. கிளார்க்கின் கட்சிக்கு அதனால் ஓட்டு ஆதாயம் கிடைத்ததாகத் தடயம் எதுவும் இல்லை. அதற்குப் பத்து வருடம் முன் விஸ்கான்சினில் நடந்த ஆய்வில், தேர்ந்தெடுக்கப்பட்ட கிளார்க்குகள் வாக்காளருக்கு வசதி செய்து தருவதில் நியமிக்கப்பட்டவர்களைவிட அக்கறை காட்டினார்கள். ஓட்டுக் கேட்டுப் போக வேண்டியவர் அப்படித்தானே இருப்பார்.

இந்த முறையின் பெரிய குறை, ஆளை நீக்குவதில் இருக்கிறது. கொலராடோவின் மேசா கவுண்டி முழுக்கக் கிராமம் இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சில் அதைத் தாண்டிப் போக முடியாது. டீனா பீட்டர்ஸ் 2018-இல் கிளார்க்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2019 நவம்பரில் பதிவான 500-க்கும் மேற்பட்ட வாக்குகள் எண்ணப்படாமலே ஒரு பெட்டியில் கிடந்தது சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவரைத் திரும்ப அழைக்கும் (அதாவது ஓட்டெடுப்பு வைத்துப் பதவியிலிருந்து இறக்கும்) முயற்சி கையெழுத்து போதாமல் நின்றுபோனது. 2021 மே மாதம் இயந்திர மென்பொருளைப் புதுப்பித்தபோது, கண்காணிப்புக் கேமராக்களை அணைக்க வைத்து, இன்னொருவரின் அடையாள அட்டையில் வெளியாள் ஒருவரை உள்ளே விட்டார். விஷயம் வெளியே வந்த பிறகும் கவுண்டியால் அவரைப் பதவியிலிருந்து இறக்க முடியவில்லை. மாநில அளவில் தேர்தலுக்குப் பொறுப்பான மாநிலச் செயலர் வழக்குப் போட்டு, அந்த வருடத் தேர்தலை அவர் நடத்தக் கூடாது என்று நீதிமன்றத் தடை வாங்கினார். 2022-இல் மறுபடியும் ஒரு தடை வாங்க வேண்டியிருந்தது. தேர்தலை வேறு ஆட்கள் வந்து நடத்தினார்கள். பீட்டர்ஸ் 2023 ஜனவரியில் காலம் முடியும் வரை கிளார்க்காகவே இருந்தார். 2024-இல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்து, ஒன்பது வருடத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதற்குப் பக்கத்தில் ஜார்ஜியாவின் காஃபி கவுண்டியை வைத்துப் பாருங்கள். அங்கே தேர்தல் மேற்பார்வையாளரை நியமிப்பது தேர்தல் வாரியம். 2021 ஜனவரி 7 அன்று வெளியாட்கள் வந்து இயந்திரங்களின் மென்பொருளையும் தரவுகளையும் நகல் எடுத்துக்கொண்டு போனார்கள்; அவர்களை உள்ளே விட்டவர்களில் மேற்பார்வையாளரும் ஒருவர். அதாவது மேசாவில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் செய்ததை நாலு மாதம் முன்பே இங்கே நியமிக்கப்பட்டவர் செய்துவிட்டார். வித்தியாசம் அதற்குப் பிறகுதான். பிப்ரவரியிலேயே அவர் வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று. சொல்லப்பட்ட காரணம் வேலை நேரப் பதிவேட்டில் பொய்க் கணக்கு எழுதியது. நகல் எடுத்த கதை ஊருக்குத் தெரிய வந்ததே ரொம்ப நாள் கழித்து. பெரிய தப்பைக் கண்டுபிடிக்காத வாரியம்கூட, சின்னத் தப்புக்காக ஆளை மாற்ற முடிந்தது. மேசாவில் பெரிய தப்பு தெரிந்தும் மாற்ற முடியவில்லை.

தேர்தல் முறைக்கு இன்னொரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஆள் கிடைப்பதில்லை. விஸ்கான்சினில் கவுண்டிக்குக் கீழே ஊர் அளவில் மட்டும் சுமார் 1,850 கிளார்க்குகள் இருக்கிறார்கள். தேர்தலில் நிற்க அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும். சில நூறு பேர் வாழும் ஊரில், சொற்பச் சம்பளத்துக்கு, திட்டும் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்ய யார் முன்வருவார்? நியமனம் என்றால் பக்கத்து ஊர்க்காரரைக்கூட வைத்துக்கொள்ளலாம், ஒரே ஆள் இரண்டு ஊருக்கும் பார்க்கலாம். இவ்வளவு சின்ன ஊர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும், நான் இங்கே தயங்காமல் நியமனத்தின் பக்கம். போட்டியே இல்லாத தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வதில் பெரிய அர்த்தமும் இல்லை.

கமிஷனர்களே நேரடியாக நியமிக்கும் முறைதான் பல கவுண்டிகளில் முதலில் பேசப்படுவது. ஆளும் குழு ஏற்கெனவே இருக்கிறது, சம்பளம் போடுவதும் அவர்கள்தான், அப்புறம் என்ன என்று தோன்றும். கலிபோர்னியாவின் ஷாஸ்டா கவுண்டியில் நடந்ததைப் பார்த்தால் தயக்கம் வரும். ஒரே கவுண்டியில், சில வருட இடைவெளியில், இரண்டு முறையும் எப்படி வேலை செய்தன என்று அங்கே பார்க்கலாம்.

கேத்தி டார்லிங் ஆலன் 2004 முதல் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட கிளார்க், வாக்காளர் பதிவாளரும் அவரே. 2023 ஜனவரியில் மேற்பார்வையாளர் குழு (கவுண்டியை ஆளும் குழுவுக்கு அங்கே அந்தப் பெயர்) டொமினியன் என்ற நிறுவனத்தின் வாக்கு இயந்திர ஒப்பந்தத்தை ரத்து செய்து, எல்லா ஓட்டையும் கையால் எண்ணலாம் என்று கிளம்பியது. அது எவ்வளவு செலவு, எத்தனை ஆள், ஏன் நடக்காது என்று அவர் கூட்டத்திலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். குழுவுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வருடமே மாநிலச் சட்டமன்றம் பெரிய தேர்தல்களில் கையால் எண்ணுவதைத் தடுத்துச் சட்டம் போட்டது. 2024-இல் உடல்நலக் காரணத்தால் அவர் ஓய்வு பெற்றார். காலியிடத்தை நிரப்பும் அதிகாரம் குழுவுக்கு. பல வருடம் அலுவலகத்தை நடத்திப் பழகிய உதவிக் கிளார்க் இருக்க, தேர்தல் நடத்திய அனுபவமே இல்லாத ஓய்வு பெற்ற அரசு வழக்கறிஞர் ஒருவரை நியமித்தார்கள். அவரும் உடல்நலம் காரணமாக விலகியதும், 2025-இல் 3-க்கு 2 ஓட்டில் இன்னொரு வழக்கறிஞர் வந்தார். அவருக்கும் தேர்தல் அலுவலக அனுபவம் கிடையாது. இயந்திர எண்ணிக்கையைப் பல வருடமாகச் சந்தேகித்துப் பேசி வந்தவர். வந்த கொஞ்ச நாளில் உதவிக் கிளார்க் வேலை இழந்தார்.

நெவாடாவின் நை கவுண்டியிலும் கிட்டத்தட்ட இதே கதை. இயந்திரத்தை விட்டுவிட்டுக் கையால் எண்ணுங்கள் என்று 2022-இல் கமிஷனர்கள் கேட்க, இருபது வருடத்துக்கு மேல் இருந்த கிளார்க் விலகிப் போனார். கமிஷனர்கள் நியமித்தவர், 2020-இல் ஜெயித்தது டிரம்ப்தான் என்று நம்பியவர். கையால் எண்ணுவது எப்படி இருக்கும் என்று பக்கத்து எஸ்மெரால்டா கவுண்டி ஏற்கெனவே காட்டியிருந்தது. ஆயிரம் பேர்கூட இல்லாத கவுண்டி அது. 2022 பிரைமரியில் 317 வாக்குச்சீட்டை எண்ணி முடிக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நை கவுண்டியில் வாக்காளர்கள் பல்லாயிரம் பேர்.

இரண்டு இடத்திலும் தேர்தல் முறைதான் சட்டத்தில் இருந்தது, இடையில் காலியான இடத்தைத்தான் கமிஷனர்கள் நிரப்பினார்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அதனால்தான் இவை நல்ல சோதனை. கமிஷனர் கையில் நியமனம் கிடைத்தால் யாரைத் தேடிப் பிடிப்பார்கள் என்பதை இவை காட்டுகின்றன. பிறகு நை கவுண்டி மக்களே அந்த ஆளை நவம்பரில் ஓட்டுப் போட்டு உறுதி செய்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. மக்கள் தேர்ந்தெடுத்தால் நல்லவராகத்தான் வருவார் என்று நான் வாதாடவில்லை.

கமிஷனர் நியமனம் சட்டப்படியே நிரந்தர ஏற்பாடாக இருக்கும் இடம் அரிசோனா. அங்கே வாக்காளர் பதிவும் தபால் ஓட்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட ரெக்கார்டரிடம். தேர்தல் நாளும் எண்ணிக்கையும் பெரும்பாலும் குழு நியமிக்கும் இயக்குநரிடம். கொச்சீஸ் கவுண்டியில் லிசா மாரா அந்த இயக்குநராக இருந்தார். 2022 நவம்பரில் எல்லா ஓட்டையும் கையால் எண்ணச் சொன்னதற்கு, சட்டம் அனுமதிக்கவில்லை என்று அவர் மறுத்தார். குழுவில் இரண்டு பேர் தங்கள் சொந்த ஊழியர் மீதே வழக்குப் போட்டார்கள், பிறகு திரும்பப் பெற்றார்கள். 2023 ஜனவரியில் மாரா விலகினார். அவருடைய அதிகாரத்தைக் குழு தூக்கி, கையால் எண்ணுவதை ஆதரித்த ரெக்கார்டரிடம் கொடுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் திருப்பிக் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் தங்களுக்கு இணங்கும் ஆளிடம் கொடுத்தார்கள்.

ஆக, நியமனம் வேண்டும், ஆனால் கமிஷனர் கைக்கு நேரடியாகப் போகக் கூடாது. அதற்கு எழுதப்பட்ட சட்டம் டெக்சாஸில் இருக்கிறது. அங்கே 254 கவுண்டிகள். இயல்பாகக் கவுண்டி கிளார்க் தேர்தலை நடத்துவார், வரி வசூல் அதிகாரி வாக்காளர் பட்டியலைப் பார்ப்பார், இருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கவுண்டி விரும்பினால் இரண்டு வேலையையும் சேர்த்து ஒரு தேர்தல் நிர்வாகியிடம் கொடுக்கலாம். அவரை நியமிப்பது தனி ஆணையம். கவுண்டி ஜட்ஜ் (பெயர்தான் ஜட்ஜ், கமிஷனர் குழுவின் தலைவர் அவர்), கிளார்க், வரி அதிகாரி, இரு பெரிய கட்சிகளின் கவுண்டித் தலைவர்கள் என்று ஐந்து பேர். நிர்வாகி எந்தத் தேர்தலிலும் நிற்கக் கூடாது, கட்சிப் பதவி கூடாது. நீக்க வேண்டுமானால் தகுந்த காரணம் வேண்டும், ஐந்தில் நாலு ஓட்டு வேண்டும், அதன் மேல் கமிஷனர் குழுவும் ஒப்ப வேண்டும்.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் பாதுகாப்பு இல்லை. ஹூட் கவுண்டியில் 2020-இல் டிரம்புக்கு 81 சதவீதம் விழுந்தது. அப்படியும் தேர்தல் சரியில்லை என்று சொல்லி 2021-இல் நிர்வாகி மிஷெல் கேருவை நீக்கக் கிளம்பினார்கள். ஆணையத்தில் இரண்டு பேர்தான் நீக்கச் சொன்னார்கள், மூன்று பேர் மறுத்தார்கள். கேரு தப்பினார், ஆனால் சில மாதத்தில் தானாகவே விலகிவிட்டார். பக்கத்தில் இருப்பவர்கள் தினமும் சந்தேகப் பார்வை பார்க்கும்போது சட்டப் பாதுகாப்பால் ஓரளவுதான் முடியும். கில்லெஸ்பி கவுண்டியில் 2022 ஆகஸ்டில் மிரட்டல் தாங்காமல் நிர்வாகியும் ஊழியர்களும் ஒட்டுமொத்தமாக விலகினார்கள், நவம்பர் தேர்தலுக்கு மூன்று மாதம்கூட இல்லாதபோது. வேலை மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்ட கிளார்க் தலையில் விழுந்தது.

டெக்சாஸ் சட்டத்தில் எனக்கு இரண்டு இடம் உறுத்துகிறது. கிராமப்புறத்தில் ஜட்ஜ், கிளார்க், வரி அதிகாரி மூவருமே ஒரே கட்சியாகத்தான் இருப்பார்கள். அந்தக் கட்சியின் தலைவரையும் சேர்த்தால் நாலு. ஐந்தில் நாலு என்ற கதவு அதோடு திறந்துவிடுகிறது. ஹூட் கவுண்டியில் அது நடக்காமல் போனதற்குக் காரணம் சட்டமல்ல, அங்கே இருந்த இரண்டு அதிகாரிகளின் மனசு. இன்னொன்று, நீக்கத்தான் இத்தனை கட்டுப்பாடு. நிர்வாகி என்ற பதவியையே ஒழிக்கக் கமிஷனர் குழுவின் ஒரு உத்தரவு போதும். முன் வாசலில் ஐந்து பூட்டுப் போட்டுவிட்டுப் பின் வாசலைத் திறந்து வைத்த வீடு மாதிரி.

வட கரோலினா இந்த ஓட்டையை வேறு விதமாக அடைத்திருக்கிறது. கவுண்டித் தேர்தல் வாரியம் பரிந்துரைக்கும் இயக்குநரை மாநில அலுவலகம் நியமிக்கும். நீக்கவும் மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும். 2022-இல் சர்ரி கவுண்டியில் ஒரு கட்சித் தலைவர், இயந்திரத்தைப் பார்க்க விடாவிட்டால் வேலை போகும் அல்லது சம்பளம் குறையும் என்று இயக்குநரை மிரட்டினார். அவர் அசையவில்லை. வேலையைப் பறிக்கும் அதிகாரம் ஊரில் யாரிடமும் இல்லை. சம்பளம் குறையும் என்ற மிரட்டலுக்குத்தான் கொஞ்சம் பல் இருந்தது, ஏனென்றால் பட்ஜெட் போடுவது கவுண்டி கமிஷனர்கள்.

என்னைக் கேட்டால், முறையை மாற்றப் போகும் கிராமக் கவுண்டி டெக்சாஸ் ஆணையத்தையும் வட கரோலினாவின் மாநில ஒப்புதலையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். நீக்க நாலு ஓட்டு போதும், ஆனால் அதில் இரு கட்சியிலிருந்தும் குறைந்தது ஒருவர் இருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். பதவியை ஒழிக்கவும் நீக்கத்துக்குரிய அதே ஓட்டு வேண்டும். சம்பளத்தைப் பதவிக்காலத்தின் நடுவில் குறைக்கக் கூடாது. குறைந்தபட்ச அனுபவம் இல்லாதவரை நியமிக்கக் கூடாது என்ற வரியும் தேவை. ஷாஸ்டா இதைத்தான் சொல்லிக் கொடுத்தது. இதெல்லாம் மாநிலச் சட்டம் திருத்தாமல் நடக்காது. மாநிலம் தயாராக இல்லை, கமிஷனர் நியமனம்தான் கிடைக்கும் என்றால், கவுண்டி அளவில் தேர்தலையே வைத்துக்கொள்வது நல்லது.

வைத்துக்கொண்டால் மிச்சிகன் மாதிரி ஒரு கடிவாளம் வேண்டும். ஹில்ஸ்டேல் கவுண்டியில் ஆடம்ஸ் டவுன்ஷிப் என்று ஒரு சின்ன ஊர். அதன் தேர்ந்தெடுக்கப்பட்ட கிளார்க் எண்ணும் இயந்திரத்தைப் பராமரிப்புக்கு விட மறுத்தார். 2021 அக்டோபரில் மாநிலச் செயலர் அவரிடமிருந்து தேர்தல் வேலையை மட்டும் எடுத்துக் கவுண்டி கிளார்க்கிடம் கொடுத்தார். மற்ற வேலைகளைச் செய்துகொண்டு அவர் பதவியில் இருந்தார். 2023 மே மாதம் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் திரும்ப அழைத்தார்கள். மேசாவில் நீதிமன்றம் இரண்டு முறை செய்ததை இங்கே ஓர் உத்தரவு செய்துவிட்டது. ஆளை நீக்குவதா வேண்டாமா என்பது மக்களிடமே இருந்தது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மாற்றும் தேதியைக் கவனமாக வைக்க வேண்டும். டெக்சாஸ் சட்டமன்றம் 2023-இல் ஹாரிஸ் கவுண்டியின் நிர்வாகி பதவியை மட்டும் குறிவைத்து ஒழித்தது. 35 லட்சம் பேருக்கு மேல் உள்ள கவுண்டி என்று சட்டத்தில் எழுதினார்கள். அப்படி மாநிலத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. அமலுக்கு வந்தது செப்டம்பர் 1. ஹூஸ்டன் மேயர் தேர்தல் நவம்பர் 7. பெரிய அலுவலகம், ஊழியர்கள் நிறைய, சமாளித்துவிட்டார்கள். மூன்று பேர் உள்ள கவுண்டியில் அப்படிச் செய்தால் சீட்டு அச்சடிக்க அனுப்ப வேண்டிய வாரத்தில் சாவி யாரிடம் என்ற கேள்வி வரும். இப்போது இருக்கும் கிளார்க்கின் காலம் முடியும் நாளில், அதிபர் தேர்தல் இல்லாத வருடத்தில், புதியவர் ஒரு சின்ன உள்ளூர்த் தேர்தலையாவது பழையவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு மாற்றலாம்.